இரண்டு பால் தந்த தோட்டங்கள்



“நம்மவர்கள் இந்த மண்ணில் நூறாண்டுக்கு மேலாக மாடு வளர்த்து வந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, நாம் குடிக்கும் தேநீரில் விழுவது மட்டும் ஏன் டின்பால்?” இன்றைய அரங்கில் பேசும்படி எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்க எளிதாக இருக்கிறது. பதில் தேடிப் போனால் கித்தா மரம், இரயில், தொழிலாளர் சட்டம், சுவிட்சர்லாந்து, செம்பனை என்று நம்மை எங்கெங்கோ இழுத்துப் போகிறது. போகும் வழியெல்லாம் நம் சமூகத்தின் கதையும் கூடவே வருகிறது.

முதலில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். தோட்டத்தில் ‘பால்’ என்றால் இரண்டு பொருள். மரத்தைச் சீவி மங்கில் வடிவதும் பால். கொட்டகையில் மாட்டைக் கறந்து செம்பில் பிடிப்பதும் பால். முதல் பால் துரைக்கு, இரண்டாவது நமக்கு. அதிகாலைப் பெரட்டுக்குப் போகுமுன் மாட்டைக் கறந்தாக வேண்டும். மதியம் மரத்துப் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது தலையில் ஒரு கட்டுப் புல் வரும். இந்த இரண்டாவது வேலை எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. பெரும்பாலும் அது பெண்கள் செய்த வேலை.

இரண்டு பாலையும் சோதிக்க இரண்டு மிதவைக் கருவிகள் இருந்தன என்பது சுவையான செய்தி. கித்தாப் பாலுக்கு மெட்ரோலாக், மாட்டுப் பாலுக்கு லாக்டோமீட்டர். தத்துவம் ஒன்றே, அடர்த்தியை அளப்பது. ஆனால் இரண்டும் நேர் எதிராக வேலை செய்யும். கித்தா தண்ணீரைவிட இலேசானது. ஆகவே தண்ணீர் கலந்தால் கித்தாப் பாலின் அடர்த்தி ஏறும். மாட்டுப் பாலின் அடர்த்தி சுமார் 1.028 முதல் 1.032 வரை, தண்ணீர் கலந்தால் அது இறங்கும். நகரத்தில் லாக்டோமீட்டரை ஏமாற்றத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். பாலாடையை எடுத்துவிட்டால் அடர்த்தி ஏறும். பிறகு தண்ணீரை ஊற்றினால் பழைய எண்ணுக்கே இறங்கி நிற்கும். கருவி ‘சுத்தமான பால்’ என்று சாட்சி சொல்லும்! கொழுப்பைத் தனியே அளக்கும் சோதனை வந்த பிறகுதான் இந்த வித்தை அடங்கியது.

நகரத்துக்குள் மாடு

கோலாலம்பூரில் மாடு முதலில் பாலுக்காக வரவில்லை, வண்டி இழுக்கத்தான் வந்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்தன. 1884-இல் பிராங்க் சுவெட்டன்ஹம் வீடுகளைச் செங்கல்லால் கட்டச் சொன்னார். செங்கல் சூளைகள் எழுந்த இடத்துக்குத்தான் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர். அந்தச் செங்கல்லைச் சுமந்தவை மாட்டு வண்டிகள். வண்டித் தொழிலில் நம்மவர்களும் இருந்தார்கள், ‘வங்காளி’ என்று எல்லாரும் தவறாக அழைத்த சீக்கியர்களும் இருந்தார்கள். பின்னாளில் பால் தொழிலையும் பெருமளவில் இந்த இரு சாராரே நடத்தினார்கள்.

1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் அது கிள்ளான் நகரையே எட்டியது. வண்டி மாட்டின் பிழைப்பு சுருங்கியது. ஆனால் அதே இரயில் பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு கூட்டத்தைக் குடியேற்றியது: யாழ்ப்பாணத்துக் கிராணிமார்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த இரயில்வே தொழிலாளர்கள். மாதச் சம்பளம், குழந்தை குட்டி, காலைக் காப்பி, கோயில் அபிஷேகம் எல்லாம் கொண்ட குடும்பங்கள் இவை. ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் போன்ற கோயில்கள் பால்காரருக்குக் கிடைத்த மிக நல்ல வாடிக்கை. ஏனென்றால் சுவாமிக்கு டின்பால் ஊற்ற யாருக்கும் மனம் வராது.

மாடு ஏன் நகரத்துக்குள்ளேயே இருக்க வேண்டியிருந்தது? ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் ஃபான் தூனன் 1826-லேயே இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். நகரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக விவசாயம் அமையும், நகரத்தை ஒட்டிய முதல் வட்டத்தில் பாலும் காய்கறியும் இருக்கும் என்றார். சீக்கிரம் கெட்டுப் போகும் பொருள் தூரம் போகாது. நம் சீதோஷ்ணத்தில் கறந்த பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். ஆகவே சைக்கிள் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரந்தான் பாலின் சந்தை. இலண்டனிலும் இதே நிலைதான் இருந்தது. 1865-இல் வெக்கை நோய் அந்நகர மாட்டுக் கொட்டகைகளைக் காலி செய்த பிறகுதான் அங்கே இரயில் பால் பெருகியது.

சைக்கிள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதனின் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்பது. இன்று கேட்டால் சிறு விஷயமாகத் தோன்றும். ஆனால் சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு தோட்டத்தைக் கடந்து போகிறவனுக்கு, ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறுவது மானப் பிரச்சினை மட்டுமல்ல, தொழில் பிரச்சினையும்தான்.

பதினாறில் ஒரு பங்கு ஏக்கர்

தோட்டத்துக்கு வருவோம். கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. குடும்பத்தோடு வாழும் ஒவ்வோர் இந்தியத் தொழிலாளிக்கும் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது அது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் என்பது சுமார் 2,720 சதுர அடி. ஐம்பத்திரண்டு அடிக்கு ஐம்பத்திரண்டு அடி. அதில் நேப்பியர் புல் நட்டு, உரம் போட்டு, ஒழுங்காக அறுத்தாலும் நாளொன்றுக்குச் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு கிலோ பச்சைப்புல் தேறலாம். முந்நூறு கிலோ எடையுள்ள பசு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது முப்பது கிலோ பச்சைப்புல் கேட்கும். ஆகச் சட்டம் கொடுத்த நிலம் ஒரு மாட்டின் அரை வயிற்றுக்குக்கூடப் போதாது.

அப்படியானால் மாடு எதைத் தின்று வாழ்ந்தது? கித்தா மரங்களுக்கு இடையே தானாக முளைத்த புல்லைத் தின்று வாழ்ந்தது. துரை கண்டும் காணாமல் இருந்தார். அவருக்கும் அதில் இலாபம் இருந்தது. மாடு இருக்கிறவன் தோட்டத்தை விட்டு ஓடமாட்டான், குழந்தைக்குப் பால் இருந்தால் கூலியை உயர்த்தச் சொல்லிக் கேட்கவும் அவசரப்பட மாட்டான். 1920-களின் கடைசியில் சிலாங்கூர் போன்ற கடலோரப் பகுதிகளில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலக மந்தம் வந்து அதையும் வெட்டிய காலத்தில் மாடுதான் வங்கி, மாடுதான் காப்புறுதி. கன்று விற்ற பணத்தில் நடந்த கல்யாணங்களைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்த ஏற்பாட்டின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அது உரிமையாக எழுதப்படவில்லை, சலுகையாகவே நடந்தது. எழுதப்பட்ட உரிமையோ ஐம்பத்திரண்டு அடிதான். இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

அந்த மாடு எத்தகையது? கால்நடை அறிவியல் நூல்கள் அதை ‘உள்நாட்டு இந்தியப் பால்மாடு’ என்று தனி வகையாகவே குறிப்பிடுகின்றன. இந்தியாவிலிருந்து பல காலங்களில் வந்த பல இனங்கள் கலந்து உருவானது. திமில் உள்ளது, வெயில் தாங்கும், உண்ணிக் காய்ச்சலுக்கு எளிதில் சாயாது. ஆனால் நாளைக்குச் சில லிட்டர்தான் கறக்கும். கன்று பக்கத்தில் நின்று முட்டினால்தான் சுரக்கும். இதை நம் பாட்டிமார்கள் தாய்ப்பாசம் என்றார்கள். விஞ்ஞானம் ஆக்சிடோசின் என்ற சுரப்பு நீரின் வேலை என்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன்.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. மரத்துப் பாலுக்கு 1925-லேயே ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வந்துவிட்டது. தேர்ந்தெடுத்த மரங்களை ஒட்டுக்கட்டி, ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற இரகங்களை உருவாக்கி, விளைச்சலை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்தினார்கள். இன்று புத்ராஜெயா நிற்கும் நிலத்தில் இருந்த பிராங் பெசார் தோட்டமே இத்தகைய ஒட்டு இரகங்களுக்கு உலகப் புகழ் பெற்றது. மாட்டுப் பாலுக்கு அப்படி ஒரு கழகம் அப்போது வரவில்லை. துரையின் பாலுக்கு விஞ்ஞானம் கிடைத்தது, கூலியின் பாலுக்குக் கிடைக்கவில்லை. அதே முயற்சியைப் பசுவிலும் காட்டியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

டின்னின் வரவு

இந்த இடைவெளியில்தான் டின் நுழைந்தது. ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனம் 1866-இல் சுவிட்சர்லாந்தின் ஹாம் நகரில் தொடங்கப்பட்டு, 1905-இல் நெஸ்லேவுடன் இணைந்தது. அந்த ஆங்கிலோ-சுவிஸ் பெயரிலேயே 1912-இல் பினாங்கில் கால் வைத்து, 1939-இல் கோலாலம்பூருக்கு மாறியது. பாலைச் சுண்டவைத்து, ஏறக்குறைய பாதிக்குப் பாதி சீனி சேர்த்துவிட்டால் கிருமிக்குத் தேவையான ஈரம் கிடைக்காது. ஐஸ் பெட்டி இல்லாமலே நிற்கும். இந்த நாட்டுக்கு அதைவிட வசதியான பண்டம் உண்டா? சைக்கிள் எட்டாத இடத்துக்கெல்லாம் டின் எட்டியது. காலி டின்னும் வீணாகவில்லை. அரிசி அளக்கும் படியானது. காப்பிக் கடையில் கயிறு கட்டிக் காப்பி வாங்கிப்போகும் ஏனமானது. தே தாரிக் என்று நாம் பெருமை பேசும் பானமே டின்பாலின் பிள்ளைதான். தலையில் பால் குடம் சுமக்கும் பெண்ணின் படத்தை ஒட்டிக்கொண்டு வந்த டின், உண்மையில் பால் சுமந்த பெண்ணின் சந்தையைப் பிடித்துக்கொண்டது.

சந்தையோடு போயிருந்தால் பரவாயில்லை. கொழுப்பு நீக்கிய கெட்டிப்பால் மலிவாகக் கிடைத்தது. விவரம் அறியாத தாய்மார் அதைக் கைக்குழந்தைக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். அதில் சீனி உண்டு. கொழுப்பும் வைட்டமின் ஏ-யும் இல்லை. குழந்தை கொழுகொழுவென்று தெரியும், பிறகு கண் போகும், வயிற்றுப்போக்கில் உயிர் போகும். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் அப்போது மலாயாவில் பணிபுரிந்தார். ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் பணியாற்றி, புரதக் குறையால் வரும் குவாஷியார்கர் நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் உரையாற்றினார். தவறான விளம்பரத்தை நம்பிக் கொடுத்த பாலால் குழந்தை சாவதைக் கொலையாகவே எண்ண வேண்டும் என்பது அவர் வாதம். குழந்தை உணவு விளம்பரத்துக்கு எதிராக உலகம் திரண்டது 1970-களில். 1981-இல்தான் உலகச் சுகாதார மாமன்றம் அதற்கான நெறிமுறையை ஏற்றது. நம் வட்டாரத்தில் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே குரல் எழுந்துவிட்டது.

போர் வந்தது, டின் நின்றது. அவசர காலம் வந்தது, தோட்ட லயங்கள் முள்வேலிக்குள் குவிக்கப்பட்டன. ஊரடங்கு நேரத்தில் மாடு தேடிப் போக முடியாது. இவற்றை விரிக்க நேரமில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு டின் இங்கேயே தயாராகத் தொடங்கியது. 1962-இல் நெஸ்லே பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலை திறந்தது. 1963-இல் பசிபிக் மில்க் தொடங்கியது. இன்றைய டச்சு லேடி அதுதான். பெட்டாலிங் ஜெயாவே எஃபிங்காம் என்ற ரப்பர் தோட்டத்தின் நிலத்தில் 1950-களில் எழுந்த ஊர் என்பது நினைவிருக்கட்டும். அந்த ஆலைகளுக்கு மாடு பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. நியூசிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பால்மாவு கப்பலில் கிள்ளான் துறைமுகத்துக்கு வரும். தண்ணீர் சேர்த்துப் பாலாக்கலாம். பின்னர் பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்ப்பதும் வழக்கமானது. இன்று கடையில் ‘கிரீமர்’ என்று எழுதியிருக்கும் டின்னைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

நியூசிலாந்துப் பாலோடு நம் பால் விலையில் ஏன் போட்டியிட முடியவில்லை? அங்கே குளிர்ந்த சீமைப்புல் எளிதில் செரிக்கும். மாடு மேய்ந்தே நிறையக் கறக்கும். நம் வெப்பமண்டலப் புல் மளமளவென வளரும், அதே வேகத்தில் நார் முற்றிவிடும். வயிறு நிறையும், சத்து ஏறாது. மீதியைத் தீவனத்தால் நிரப்ப வேண்டும். சோளமும் சோயாவும் பெரும்பாலும் இறக்குமதி. பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும். ஆகவேதான் கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறு பண்ணையாளர்கள் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு, தவ்ஃபூ ஆலையின் சோயாச் சக்கை, பியர் ஆலையின் தானியச் சக்கை என்று தேடித் தேடி வாங்கினார்கள். நகரத்தின் கழிவைப் பாலாக்கிய அந்தச் சாமர்த்தியத்துக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1970-களில் பால் சேகரிப்பு மையங்கள் வந்தன. பாலைச் சோதித்து, குளிரூட்டி, ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடு. 1983-இல் பள்ளிப் பால் திட்டம் தொடங்கியது. ஐரோப்பிய ஃப்ரீசியன் மாட்டையும் சாகிவால் மாட்டையும் இணைத்த கலப்பினங்கள் தருவிக்கப்பட்டு, ‘மாஃப்ரிவால்’ என்ற நாட்டு இனம் உருவாக்கப்பட்டது. இதில் ஒரு நுட்பம் உண்டு. முதல் தலைமுறைக் கலப்பில் பாலும் கூடும், தாங்கும் சக்தியும் இருக்கும். பாலுக்கு ஆசைப்பட்டு ஐரோப்பிய இரத்தத்தை மேலும் மேலும் ஏற்றினால் வெப்பம் தாங்காமல் மாடு மூச்சிரைக்கும், சினை பிடிக்காது.

இந்தியாவிலும் இறக்குமதிப் பால்மாவு இருந்தது. 1946-இல் ஆனந்தில் தொடங்கிய கூட்டுறவை அடித்தளமாக வைத்து, 1970-இல் ‘வெண்மைப் புரட்சி’யைத் தொடங்கிய குரியன், ஐரோப்பா இலவசமாகத் தந்த பால்மாவை விற்ற பணத்திலேயே கிராமத்துச் சங்கங்களைக் கட்டினார். 1998-இல் இந்தியா உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடானது. நம்மிடம் கூட்டுறவு அனுபவம் இல்லாமலில்லை. தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களையே வாங்கிக் காட்டியது. ஆனால் அது நிலத்தைக் காத்த கூட்டுறவு. பாலுக்கென்று அந்த அளவில் ஒன்று எழவில்லை.

நிலம் யாருடையது?

கடைசியில் அடி விழுந்தது நிலத்தில்தான். சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவானது. பிராங் பெசாரும் அதன் அண்டைத் தோட்டங்களும் 1990-களில் புத்ராஜெயாவாயின. மனிதருக்கு மாற்று வீடு கேட்டுப் போராடிய இடங்களில்கூட, மாட்டுக்கு மாற்றிடம் என்ற பேச்சு எடுபடவில்லை. அடுக்குமாடி வீட்டில் மாட்டை எங்கே கட்டுவது? எஞ்சிய தோட்டங்கள் கித்தாவிலிருந்து செம்பனைக்கு மாறின. மாடு இளங்கன்றைத் தின்கிறது, மண்ணை மிதித்து இறுக்குகிறது என்று நிர்வாகங்கள் நோட்டீஸ் கொடுத்தன. நூறு வருடம் நடந்தது சலுகைதானே! நீதிமன்றத்தில் காட்ட ஒரு தாள் இல்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், மார்டியும் செம்பனை ஆராய்ச்சியாளர்களும் செம்பனைக்கு அடியில் மாடு மேய்ப்பதை ஆராய்ந்து, அது களைச் செலவைக் கணிசமாகக் குறைக்கிறது என்று கண்டார்கள். மரம் ஐந்து வயது தாண்டியிருக்க வேண்டும், மின்வேலி போட்டு இடம் மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும், அவ்வளவுதான். அரசாங்கமே அந்த முறையை ஊக்குவிக்கிறது. தொழிலாளியின் மாடு தின்றால் சேதம், நிறுவனத்தின் மாடு தின்றால் ஒருங்கிணைந்த வேளாண்மை! 2006-இல் கெமாஸ் மாட்டிறைச்சித் திட்டத்துக்கு 25 கோடி ரிங்கிட் சலுகைக் கடன் ஒப்புக்கொள்ளப்பட்டது. அது இலக்கை எட்டவில்லை என்று 2010-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. அந்தத் தொகையில் எத்தனை சிறு பட்டிகளுக்கு வேலியும் புல் நிலமும் கிடைத்திருக்கும் என்று நான் கணக்குப் போடப் போவதில்லை. நேயர்களே போட்டுக்கொள்ளலாம்.

உள்நாட்டுப் பாலுக்கு இனி இடமே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. அது சரியல்ல. ஜொகூரில் மாடு வளர்த்து வளர்ந்த ஃபார்ம் ஃபிரெஷ் நிறுவனம் 2022-இல் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. புதுப் பாலுக்கு விலை கொடுக்க மக்கள் தயாராக இருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் பத்துமலைப் பால்குடத்துக்காகக் கறந்த பால் தேடி அலைகிறவர்களைக் கேளுங்கள், அவர்களே சொல்வார்கள்.

தோட்டங்களில் இன்னும் மாடு வைத்திருப்பவர்கள் கேட்பது பெரிய கடன் அல்ல. முதிர்ந்த செம்பனைக்குள் மேய்க்க எழுத்து மூலமான குத்தகை, இரவில் அடைக்கப் பட்டி, மாடுகளுக்குக் காதுப் பட்டை, கால்நடைச் சேவை இலாகாவின் காசநோய், புருசெல்லா பரிசோதனை, பால் குளிரூட்ட ஒரு பொதுத் தொட்டி ஆகியவைதான். குத்தகைக் காலம் எவ்வளவு என்பதில்தான் இழுபறி. ஒரு கிடாரிக் கன்று வளர்ந்து, சினைப்பட்டு, முதல் கறவைக்கு வரவே ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் அனுமதியை நம்பி யாரும் நல்ல இனத்து மாட்டில் பணம் போட மாட்டார்கள். ஐந்து ஆண்டுக்குக் குறையாத குத்தகை என்பது அந்தக் கணக்கிலிருந்து வருகிறது.